அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட்

அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட் (செப்டம்பர் 14, 1769 – மே 6, 1859) ஒரு புகழ்பெற்ற ஜெர்மானிய இயற்கை அறிவியலாளரும் நாடுகாண் பயணியும் ஆவார். தாவரப் புவியியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இன்றைய எக்குவடோர் நாட்டில், அந்தீஸ் மலைத்தொடரில் உள்ள சிம்போராசோ எரிமலையில் இவர் 1802 ஆம் ஆண்டு ஏறினார்.

இளமைக் காலம்

ஹம்போல்ட் பெர்லினில் பிறந்தார். மொழியியலாளர் வில்லெம் வொன் ஹம்போல்ட் இவரது தமையனார் ஆவார். பிரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பயின்றபின், பிரசிய அரசின் சுரங்கத் துறையில் பணியாற்றினார். 1796 இல் தாயார் காலமானதும் தமக்குக் கிடைத்த சொத்தைக் கொண்டு, தாவரவியலாளர் ஏமே பொன்பிளானுடன் 1799 இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் புறப்பட்டார்.

சிம்போராசோ ஏற்றம்

அக்காலத்தில் சிம்போராசோவே உலகின் மிக உயர்ந்த மலை எனக் கருதப்பட்டது. இதன் உயரம் 6,263 மீட்டர் ஆகும். ஜூன் 23, 1802 அன்று ஹம்போல்ட், பொன்பிளான், கார்லோஸ் மொந்தூபார் ஆகியோர் இதில் ஏறினர். உடன் வந்த வழிகாட்டிகளுள் ஒருவரைத் தவிர ஏனையோர் பனி எல்லைக்கு அருகே திரும்பிவிட்டனர். எஞ்சிய நால்வரும் மூடுபனியில், கத்தி முனை போன்று ஒடுங்கிய பாறை விளிம்பின் வழியே சில இடங்களில் கைகளையும் ஊன்றி ஏறினர். குமட்டலும் தலைச்சுற்றலும் ஏற்பட்டன. ஈறுகளிலிருந்து குருதி கசிந்தது. உயரத்தில் உயிர்வளி குறைவதே இதற்குக் காரணம் என ஹம்போல்ட் பின்னர் விளக்கினார். கடக்க முடியாத ஒரு பெரும் பிளவு குறுக்கிட்டதால் அவர்கள் உச்சியை அடையாமலே திரும்பினர். அவரது காற்றழுத்தமானி அளவீட்டின்படி அவர்கள் எட்டிய உயரம் 5,878 மீட்டர் ஆகும். இவ்வளவீட்டின் துல்லியம் குறித்து ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன. 1880 இல் எட்வர்டு விம்பர் குழுவினர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர்.

அறிவியல் பங்களிப்பு

மலையில் மேலே செல்லச் செல்ல வெப்பநிலை குறைகிறது. அதற்கேற்பத் தாவரங்களும் மாறுகின்றன. நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஓர் உயர்ந்த மலையில் ஏறுவது, துருவத்தை நோக்கிப் பயணம் செய்வதை ஒத்தது என்பதை ஹம்போல்ட் விளக்கினார். 1807 இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தில், சிம்போராசோவின் குறுக்குவெட்டின் மீது தாவரங்களின் பெயர்களை அவை வளரும் உயரத்திற்கேற்பக் குறித்தார். மேலும், அந்தீஸ் எரிமலைகள் வரிசையாக அமைந்திருப்பதைக் கொண்டு, அவை பூமியின் ஆழமான பிளவுகளின் மேல் தோன்றியவை எனக் கருதினார்.

பிற்கால ஆய்வுகள்

காலநிலை மாற்றத்தை அறிய இவ்வரைபடம் ஓர் அடிப்படை ஆவணமாகப் பயன்படுகிறது. 2012 இல் சிம்போராசோவில் கள ஆய்வு செய்தோர், தாவரங்கள் சராசரியாக 500 மீட்டருக்கும் மேல் நகர்ந்துள்ளதாக 2015 இல் அறிவித்தனர். ஆனால் 2019 இல் வெளியான மற்றோர் ஆய்வு, மர எல்லைக்கு மேற்பட்ட தாவரத் தரவுகளுள் பெரும்பாலானவை அந்திசானா என்னும் வேறோர் எரிமலையில் திரட்டப்பட்டவை எனக் காட்டியது. வரைபடம் பல இடங்களின் தரவுகளைத் தொகுத்து ஒரே மலையின் மீது காட்டியதே குழப்பத்திற்குக் காரணம். அந்திசானாவில் தாவர மண்டலம் 215 முதல் 266 மீட்டர் வரை மேல்நோக்கி நகர்ந்துள்ளதாக அவ்வாய்வு மதிப்பிட்டது.

இறுதிக் காலம்

1804 இல் ஐரோப்பா திரும்பிய ஹம்போல்ட், 1845 முதல் தமது பெருநூலான கொஸ்மோசை வெளியிடத் தொடங்கினார். அதன் ஐந்தாம் தொகுதி முற்றுப்பெறும் முன்னரே, தமது 89 ஆவது வயதில் பெர்லினில் காலமானார்.