கழிவில் கண்ட ரேடியம்

1867-இல் வார்சாவில் பிறந்த மேரி கியூரி அம்மையாரின் புகழை யாவரும் அறிவர். அப்புகழ் யுரேனியக் கழிவிலிருந்து எழுந்ததென்பதைப் பலர் அறியார். பொகீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் ஊரில் யுரேனியம் பிரித்தபின் பைன் காட்டில் கொட்டிய மண், மூட்டை மூட்டையாகப் பாரிசு நகருக்கு வந்தது. கணவர் பியேருடன் ஒழுகும் கொட்டகையொன்றில் அதனைக் காய்ச்சிக் காய்ச்சி, 1902-இல் கிராமில் பத்திலொரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தார். வேண்டாமென்று தள்ளிய மண்ணில் யுரேனியத்தினும் வீரியம் மிக்க பொருள்! அது பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் செல்லும். நம் நாட்டில், 1967-இல் சுரங்கம் தொடங்கிய ஜாதுகுடாவின் ஆலைக் கழிவுக் குளங்களிலும் தங்கியிருப்பது அந்த ரேடியமே. கதிர்வீச்சை அம்மையார் அஞ்சவேண்டிய அளவுக்கு அஞ்சவில்லை என்றே கூறவேண்டும். உடலில் குருதி ஊறுவது குன்றி, 1934 சூலை 4-இல் மறைந்தார். அவர்தம் குறிப்பேடுகள் இன்றும் ஈயப் பெட்டிகளுள் உள்ளன.