காலங்கடந்த கௌரவம்

தேகபலம் படைத்த வாலிபர்களுக்கு நமது தேசத்தில் என்றும் குறைவிருந்ததில்லை. மதுரைச் சீமையின் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்குவது வாலிபரின் வலிமைக்குப் பரீட்சையாக இருந்து வந்ததை எழுமலைவாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வீரரைப் பெற்ற தேசம் அவரைப் பேணவும் அறிந்திருக்கிறதா என்பதே கேள்வி. ஸ்ரீ பர்துமன் சிங் பிராரின் சரித்திரம் இக்கேள்வியை நம்முன் நிறுத்துகிறது.

அவர் 1927-ம் வருஷம் பஞ்சாபிலுள்ள பக்தா பாய் கா என்னும் கிராமத்தில் பிறந்தார். ராணுவத்தில் சேவை புரிந்தார். குண்டு எறிதல், வட்டு எறிதல் ஆகிய இரண்டிலும் தேர்ச்சி பெற்றார். 7.26 கிலோ எடையுள்ள குண்டை ஏழடி அகலமுள்ள வட்டத்துக்குள் நின்று கழுத்தோரத்திலிருந்து உந்தித் தள்ள வேண்டும். 2 கிலோ எடையுள்ள வட்டையோ உடலைச் சுழற்றி வீச வேண்டும். முன்னதற்கு வலிமை பிரதானம். பின்னதற்கு வலிமையுடன் லாகவமும் வேண்டும். இரண்டிலும் ஒருவரே முதன்மை பெறுதல் அரிது.

அந்த அரிய காரியத்தை அவர் 1954-ல் மணிலாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாதித்தார். இரண்டு தங்கப் பதக்கங்களும் அவருக்கே கிடைத்தன. 1958-ல் டோக்கியோவில் குண்டு எறிதலில் மீண்டும் தங்கமும், வட்டு எறிதலில் வெண்கலமும் பெற்றார். 1962-ல் ஜகார்த்தாவில், முப்பத்தைந்தாவது வயதை எட்டும் தறுவாயில், வட்டு எறிதலில் வெள்ளி வென்றார். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த தேசத்தின் கொடி அந்நிய மண்ணில் உயர அவரது புஜபலம் காரணமாயிற்று.

பின்னாளில் அந்தத் தேகமே செயலிழந்து முடங்கியது. வறுமையும் சேர்ந்துகொண்டது. அர்ஜுனா விருது 1961-லேயே ஏற்படுத்தப்பட்டது. அவருக்கு அது கிடைத்ததோ 1999-ல், மணிலா வெற்றிக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு! 2007-ல் அவர் காலமானார்.

விளையாடியவர் தமது கீர்த்திக்காகவே விளையாடினார், தேசத்துக்கு என்ன கடன் என்று சிலர் வாதிக்கலாம். கொடி உயர்ந்தபோது பெருமையில் பங்கு கொண்டவர்கள், வீரர் விழுந்தபோது மட்டும் விலகி நிற்பது நியாயமாகுமா? வீரர்களுக்கு உதவித் திட்டங்கள் இன்று இல்லாமலில்லை. ஆனால், படுக்கையில் கிடப்பவர் மனுப்போடட்டும் என்று சர்க்கார் காத்திருத்தல் தகாது. அதிகாரிகளே அவரைத் தேடிச் செல்ல வேண்டும். நமது கிராமங்களில் வாழும் பழைய வீரர்களைப் பற்றி உரியவர்களுக்குத் தெரிவித்து, பலன் கிட்டும்வரை விடாமல் முயல்வது தேசத்தொண்டர் ஒவ்வொருவரின் கடமையாகும். உயிரோடிருக்கையில் தக்க தருணத்தில் செய்யும் உதவியே உண்மையான மரியாதை.