காற்றை அளந்த பாஸ்டர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியே நம் நினைவுக்கு வரும். குன்னூரில் 1907-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஆய்வு நிலையமும் அவர் பெயரையே தாங்கி நின்றது. எனினும், அப்பெரும்புகழுக்குக் கால் நூற்றாண்டு முன்பே, குடுவைகளைச் சுமந்துசென்று காற்றை ஆராய்ந்த பாஸ்டரை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

பிரான்சு நாட்டின் டோல் நகரில், தோல் பதனிடுபவரின் மகனாக 1822 டிசம்பர் 27-இல் பிறந்த அவர், ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவ்வூரிலேயே 1859-இல், ஒன்பது வயது மூத்த மகள் டைபாய்டு காய்ச்சலுக்கு இரையானாள். அத்துயர் ஆறுமுன்னரே காற்றாய்வில் மூழ்கினார்.

கொதிக்கவைத்த சாற்றிலும் உயிர் தானே தோன்றும் என்பது ரூவான் நகர அறிஞர் பூஷேயின் கொள்கை. காற்றில் மிதக்கும் நுண்ணுயிரே அதற்கு வித்து என்றார் பாஸ்டர். அங்ஙனமாயின், எங்கும் நிறைந்த வித்துகளால் காற்றே மூடுபனிபோல் அடர்ந்திருக்க வேண்டுமே என எதிர்த்தரப்பினர் மடக்கினர். வித்து இடத்துக்கு இடம் மிகுந்தும் குறைந்தும் இருக்கும் எனக் காட்டினாலன்றி வழக்குத் தீராது.

ஈஸ்ட் சாறு ஊற்றிய 250 கன சென்டிமீட்டர் குடுவைகளைக் கொதிக்கவைத்து, ஆவி வெளியேறும்போதே கழுத்தை உருக்கி மூடினார். உரிய இடத்தில் முனையை முறித்தால் அவ்விடத்துக் காற்று உட்புகும். உடனே மீண்டும் உருக்கி மூடிவிடலாம். பின்னர் சாறு கெடுகிறதா என்று காத்திருக்க வேண்டியதுதான். தம் மூச்சும் ஆடைத்தூசும் கலவாதிருக்கக் குடுவையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார்.

பாரிசு வானாய்வகத்தின் முற்றத்தில் திறந்த 11 குடுவைகளும் கெட்டன. அதன் நிலவறையில் திறந்த பத்தில் ஒன்றே கெட்டது. ஆர்புவா வயல்வெளியில் இருபதில் எட்டு. பூப்பே மலையில் இருபதில் ஐந்து. 1860 செப்டம்பரில் கோவேறு கழுதையின் முதுகில் குடுவைகளை ஏற்றி ஆல்ப்சின் பனியாறு வரை சென்றார். வெயிலின் ஒளியில் விளக்குச் சுடர் கண்ணுக்குப் புலப்படாமையால், முதல்நாள் திறந்த 13 குடுவைகளை மூட இயலவில்லை. விடுதி அறையில் ஓரிரவு திறந்து கிடந்த அவற்றுள் பெரும்பாலானவை கெட்டன. மறுநாள் பனிமேல் திறந்த இருபதில் ஒன்றே கெட்டது.

1862-இல் அறிவியல் கழகத்தின் பரிசு அவரை அடைந்தது. ஆயினும், பூஷேயைப் பொய்யர் என எண்ணுதல் தகாது. மறு ஆண்டு பிரனீசு மலையில் அவர் வைக்கோல் சாற்றுடன் திறந்த குடுவைகள் யாவும் கெட்டது உண்மையே. கொதிநீரிலும் சாகாத விதைத்துகள் வைக்கோலில் உண்டு என்பது 1870-களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. 1872-இல் மறைந்த பூஷே அதனை அறிந்தாரில்லை.

பாஸ்டர் 1895 செப்டம்பர் 28-இல் காலமானார். அதற்குள் பாரிசின் மோன்சூரி ஆய்வகத்தில் பியேர் மிக்கேல் என்பார், நகரக் காற்றின் நுண்ணுயிர்களைப் பல்லாண்டுகளாக எண்ணிப் பதிவுசெய்து வந்தார்.