தமிழில் உடற்கூறு உரைத்த டாக்டர் கிறீன்

நல்லூரில் ஆறுமுக நாவலர் அவதரித்த 1822ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரும் பிறந்தார். நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய 1848இல், கிறீன் மானிப்பாயில் தம் வைத்தியப் பணியைத் தொடங்கினார். ஒருவர் சைவங் காக்க எழுந்தவர். மற்றவர் கிறிஸ்தவம் பரப்ப வந்தவர். இந்துக் கல்லூரி மலரில் மிசனறி ஒருவரின் சரிதம் எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். தமிழில் உடற்கூறு கற்பித்தவரை, அவர் சமயம் யாதாயினும், மறத்தல் நன்றியன்று என்பதே எம் விடை.

நியூயோர்க்கில் வைத்தியம் பயின்ற கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து தமிழ் கற்றார். முதலில் மாணாக்கர்க்கு ஆங்கிலத்திலேயே போதித்தார். ஆயின் அவ்வாறு கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு அகல்வதையும், கிராமத்து நோயாளர் முன்போலவே கைவிடப்படுவதையும் கண்டார். 1864இல் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். மாணாக்கர் இதனை விரும்பினாரல்லர். ஆங்கிலமே சம்பளம் தரும் மொழி என்பது அவர்கள் எண்ணம். (அவ்வெண்ணம் இன்றும் நம்மை விட்டு நீங்கியதில்லை.) கிறீன் இணங்கவில்லை. தமிழ்க் கிறிஸ்தவர் தமிழுடையும் தமிழ் வழக்கமும் துறத்தலாகாது என்று வற்புறுத்தியவரும் அவரே.

நூல் இல்லாமல் போதனை நடவாது. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. அவரும் அவர்தம் மாணாக்கரும் ஆக்கிய நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. சொல்லுக்கு முதலில் தமிழையும், அதிற் கிடையாதபோது வடமொழியையும், அங்கும் இல்லையேல் ஆங்கிலத்தையும் நாடுவது அவர் கொண்ட நெறி. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயரிட்டார்.

அங்காதிபாதம் என்னும் பெயர் நம் புலவர் வழக்காகிய கேசாதிபாதத்தை நினைவூட்டுகிறது. தெய்வத்தை அடிமுதல் முடிவரையும், மானிடரை முடிமுதல் அடிவரையும் பாடுதல் நம் மரபு. உடலைத் திசைப்படுத்திக் காணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆயினும் வைத்தியன் வேண்டும் திட்பம் வேறு. உடல் நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கியிருப்பதாகக் கொண்டே அவன் திசை கூறுவான். நோயாளி கட்டிலிற் கிடந்தாலும் மேல் என்பது தலைப்பக்கமே; வலம் என்பது நோயாளியின் வலமேயன்றிக் காண்பவனுடையதன்று. இது பிழைத்தால் சத்திரம் நோயற்ற பக்கத்திற் பாயும். முழங்கை தோளுக்கு அண்மையது, மணிக்கட்டு சேய்மையது என்று இன்றைய பாடநூல்கள் கூறும்போது, இலக்கண வகுப்பிற் கேட்ட அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டுமே நம் செவியில் ஒலிக்கின்றன.

உடல்நலங் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் நூற்பணியை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கிய அவர் 1884இல் காலமானார். தமிழர்க்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் முன்னரே கேட்டிருந்தார். மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வகுத்த தமிழ்ப் போதனையோ நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் எழுந்த வைத்தியக் கல்லூரியின் மொழி ஆங்கிலம்.

நுவரெலியாவிலும் அற்றனிலும் நம் மாணவர் உயர்தரம்வரை உயிரியலைத் தமிழிற் கற்று, வைத்திய பீடம் புகுந்ததும் அனைத்தையும் ஆங்கிலத்தில் மீளக் கற்கின்றனர். பின்னர்த் தோட்டத்திலிருந்து வரும் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி நெஞ்சு எரிகிறது என்று மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். விலா குத்துகிறது என்பாள். அடிவயிறு இழுக்கிறது என்பாள். நெஞ்சென்று அவள் சொன்ன இடம் இருதயமா இரைப்பையா என்று தெளிய வேண்டியவர் நம் பழைய மாணவராகிய வைத்தியரே.