பெயிண்ட் அடித்தால் கிட்டார் விலை குறையுமா? ஜார்ஜ் ஹாரிசனின் ‘ராக்கி’ கதை

ஆம்பூர் தோல் வியாபாரத்தில், கனமான பெயிண்ட் பூச்சு என்றாலே குறையை மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் வரும், விலை இறங்கும். பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். ஒரிஜினல் நிறம் போச்சுன்னா மதிப்பும் போச்சு.

இதைப் பொய்யாக்கியவர் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன். 1943-ல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டியவர். 1965-ல் வெளிர்நீல ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அவர் கைக்கு வந்தது. 1966-ல் இந்தியா வந்து ரவிசங்கரிடம் சிதார் கற்றார். மறு வருடம் அந்தக் கிட்டாரில் தானே பளபள வண்ணங்களைப் பூசினார். தலைப்பகுதிக்கு மனைவி பாட்டியின் நெயில் பாலிஷ்!

அந்த ஜூனில் பல நாடுகள் பார்த்த டிவி நேரலையில் அதை வாசித்தார். ஒளிபரப்பு கறுப்பு-வெள்ளை, நிறம் யாருக்கும் தெரியலை.

2001-ல் புற்றுநோயால் மறைந்தார். 2020-ல் ஃபெண்டரே அந்த டிசைனை நகலெடுத்து விற்றது. உங்க கிட்டாரில் பிரஷ் வைக்கும் முன் யோசிங்க: அங்கே விலை ஏறியது பூசின கைக்காக.