செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ்: மகனின் இசைக்காகத் தலைமுடியை விற்ற தாய்

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இசைக் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொன்னால், அதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பாய் என்பதுதான் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டிலும் ஒரு வீட்டில் இதே கேள்வி எழுந்தது. கேட்டவர் இசை தெரியாத தகப்பன் அல்ல. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, அங்கு பாடும் குழுவையும் பழக்கி, அந்த வருமானம் போதாமல் பியானோ சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியவர். இசை சோறு போடுமா என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த வீட்டுப் பிள்ளைதான் பாப்லோ காசல்ஸ். உலகம் கண்ட மிகப் பெரிய செல்லோ கலைஞர்களில் ஒருவர். செல்லோ என்பது வயலினுக்கு அண்ணன் போன்ற கருவி. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிப்பார்கள். ஆண் குரலைப் போன்ற கனத்த நாதம்.

காசல்ஸ் 1876 டிசம்பர் 29-இல் கட்டலோனியாவில், எல் வெண்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த 11 பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் 3 பேர் மட்டுமே. தாயார் பிலார் டெஃபில்லோ, கடல் கடந்த புவெர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். 5 வயதிலேயே பையன் தேவாலயத்தில் பாடினான். பியானோ, வயலின், ஆர்கன் எல்லாம் அப்பாவிடமே பழகினான்.

ஒரு நாள் ஊர் ஊராகச் சுற்றும் வாத்தியக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் துடைப்பக் கட்டையில் நரம்பு கட்டி, செல்லோ போல் வாசித்துக் காட்டினார். பையன் வீட்டுக்கு ஓடிவந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, தகப்பனார் ஒரு சுரைக்குடுக்கையை எடுத்து, ஒற்றை நரம்பு பூட்டி, ஒரு கருவி செய்து கொடுத்தார். அதில்தான் மகன் பல மெட்டுகளை வாசித்துப் பழகினான். பிள்ளைக்கு இசை வேண்டாம் என்று நினைத்த தகப்பனாக இருந்தால் இதைச் செய்திருப்பாரா? இசை வேண்டும், ஆனால் தொழிலாக வேண்டாம் என்பதே அவர் எண்ணம். மகனைத் தச்சு வேலை பழக அனுப்பவும் ஏற்பாடு செய்தார்.

காசல்ஸுக்கு 11 வயதானபோது ஜோசப் கார்சியா என்ற கலைஞர் பார்சலோனாவிலிருந்து வந்து அந்த ஊரில் வாசித்தார். உண்மையான செல்லோவைப் பையன் கேட்டது அன்றுதான். இனி இதுதான் என்று அவன் மனம் முடிவு செய்துவிட்டது. தாயாரும் அவன் பக்கம் நின்றார். கணவன் மனைவிக்குள் பல நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் 1888-இல் பிலார் மகனைப் பார்சலோனாவுக்கு அழைத்துச் சென்று, நகராட்சி இசைப் பள்ளியில், அதே கார்சியாவிடம் சேர்த்துவிட்டார். மகனைத் தங்கவைத்தது தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில். அந்த உறவினர் செய்த தொழில் தச்சு வேலை!

அந்தக் காலத்தில் செல்லோ பழகும் மாணவர்கள், வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். கை விலகாமல் இருக்க அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பயிற்சி செய்வார்கள். புத்தகம் விழுந்தால் தவறு. காசல்ஸுக்கு இது பிடிக்கவில்லை. அறையில் தனியாக இருக்கும்போது கையைத் தாராளமாக வீசி வாசித்துப் பார்த்தார். இடது கை விரல்களையும், ஒவ்வொரு சுரத்துக்கும் கையையே நகர்த்தாமல், விரல்களை விரித்து எட்டும்படி மாற்றிக்கொண்டார். ஆசிரியர் முதலில் திகைத்தார், பிறகு விட்டுவிட்டார். பின்னாளில் உலகமெங்கும் செல்லோ வாசிக்கும் முறையே மாறியதற்கு இந்தச் சிறுவனின் பிடிவாதம் பெரிய காரணம்.

பகலில் பள்ளி. இரவில் கஃபே தோஸ்ட் என்ற காப்பிக் கடையில் வாசிப்பு. கூலி நாளைக்கு 4 பெசெட்டா. வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த ஆட்டப் பாட்டு மெட்டுகளைத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் பையன் முதலாளியிடம் பேசி, வாரத்தில் ஓர் இரவை உயர்ந்த இசைக்கென்று வாங்கிக்கொண்டான். அந்த இரவுக்கென்றே கூட்டம் வரத் தொடங்கியது.

தகப்பனார் வாரம் ஒருமுறை மகனைப் பார்க்க வருவார். 1890-இல் அப்படி வந்தபோது முழு அளவு செல்லோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார். காப்பிக் கடையில் வாசிக்கப் புதிய உருப்படிகள் தேடி, இருவரும் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கடைக்குள் நுழைந்தார்கள். தாள் குவியலைக் கிளறியபோது, ஜெர்மானிய இசைமேதை பாக் தனிச் செல்லோவுக்கென எழுதிய 6 தொகுப்புகள் அகப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. அவற்றை விரல் பயிற்சிக்கு உரியவை என்றுதான் பலரும் ஒதுக்கி வைத்திருந்தனர். 13 வயதுப் பையன் அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், நாள்தோறும் வாசித்தான். அவற்றில் ஒன்றைக் கச்சேரியில் வாசிக்கும் துணிவு வர அவனுக்கு 12 ஆண்டுகள் பிடித்தன.

காப்பிக் கடைக்கு ஒரு நாள் இசையமைப்பாளர் அல்பேனிஸ் வந்தார். சிறுவனின் வாசிப்பைக் கேட்டு வியந்து, உடனே லண்டனுக்கு அழைத்துப் போகிறேன் என்றார். பிலார் மறுத்துவிட்டார். மகன் இன்னும் சிறுவன், முதலில் படிக்கட்டும் என்பது அவர் பதில். அல்பேனிஸ் அதை ஏற்று, மட்ரிட் நகரில் அரண்மனைச் செல்வாக்குள்ள மோர்ஃபி பிரபுவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைத் தாயார் சில ஆண்டுகள் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். வந்த வாய்ப்பை இப்படித் தள்ளிப்போட எத்தனை பெற்றோருக்கு மனம் வரும்?

இடைப்பட்ட காலம் நல்ல காலம் அல்ல. தன் எதிர்காலத்தைப் பற்றிப் பெற்றோர் ஓயாமல் சண்டையிடுவது பதின்ம வயதுப் பையனை வாட்டியது. வாழ்வையே முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரை அவர் போனார். நிலைமையை உணர்ந்த தாயார், அந்தக் கடிதத்தை வெளியே எடுத்தார். காசல்ஸையும் இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு மட்ரிட்டுக்குப் புறப்பட்டார். தகப்பனார் ஊரிலேயே இருந்து வேலையைத் தொடர்ந்தார்.

மோர்ஃபி பிரபு காசல்ஸை மகன் போல் நடத்தினார். அரசி மரியா கிறிஸ்டினா முன் வாசிக்க வைத்து, மாதம் 250 பெசெட்டா உபகாரச் சம்பளம் வாங்கித் தந்தார். அந்தப் பணத்தில்தான் நால்வரும் வாழ்ந்தார்கள். இசைக் கல்லூரியில் ஒருபுறம் பயிற்சி; மறுபுறம் பிரபுவே வரலாறு, கணிதம், மொழிகள் சொல்லிக்கொடுத்தார். ஓவியக் கூடத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போய்ப் பார்த்து எழுதிவரச் சொன்னார். வாத்தியக்காரனுக்கு வாத்தியம் மட்டும் போதாது என்பது அவர் கொள்கை.

1895-இல், மேற்படிப்புக்காக பிரபு அவரை பெல்ஜியத்தின் பிரசல்ஸ் இசைக் கல்லூரிக்கு அனுப்பினார். குடும்பமும் உடன் போனது. செல்லோவுக்கு அந்நாளில் புகழ்பெற்ற கல்லூரி அது.

தேர்வுக்காக வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த காசல்ஸைப் பேராசிரியர் நெடுநேரம் கவனிக்கவில்லை. கடைசியில் அழைத்து, இது வாசிப்பாயா, அது வாசிப்பாயா என்று ஒவ்வோர் உருப்படியாகக் கேட்டார். காசல்ஸ் எல்லாவற்றுக்கும் ஆம் என்றார். எல்லாம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று பேராசிரியர் கிண்டலடிக்க, வகுப்பு முழுவதும் சிரித்தது. மிகக் கடினமான ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள். காசல்ஸ் அங்கிருந்த ஒரு செல்லோவை வாங்கி வாசித்தார். முடித்தபோது சிரிப்புச் சத்தம் அடங்கியிருந்தது. பேராசிரியர் தன் அறைக்கு அழைத்து, என் வகுப்பில் சேர்ந்துகொள், இவ்வாண்டு முதல் பரிசு உனக்குத்தான் என்று உறுதி சொன்னார். மாணவர்கள் முன் என்னைக் கேலி செய்தீர்கள், இங்கே ஒரு நொடியும் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு காசல்ஸ் வெளியேறினார். மறுநாளே குடும்பம் பாரிசுக்கு ரயில் ஏறியது.

தன்மானத்தைப் போற்றுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை விரும்பிச் சொல்வார்கள். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது 18 வயது மகன் மட்டும் அல்ல. பிரசல்ஸுக்குத் திரும்பாவிட்டால் உபகாரச் சம்பளம் கிடையாது என்று மட்ரிட்டிலிருந்து பதில் வந்தது. அவர் திரும்பவில்லை, பணம் நின்றது. பாரிசில் ஒரு கேளிக்கை அரங்கில் நாளைக்கு 4 பிராங்குக்கு இரண்டாம் செல்லோ வாசிக்கும் வேலை கிடைத்தது. வண்டிக் கூலியை மிச்சப்படுத்த, குளிரில் செல்லோவைச் சுமந்து நடந்தே போய்வந்தார். தாயார் இரவெல்லாம் துணி தைத்தார். காசல்ஸ் நோயில் விழுந்ததும் அந்த வருமானமும் போனது. ஒரு நாள் பிலார் வெளியே போய்த் திரும்பியபோது, அவருடைய நீண்ட அழகிய கூந்தல் இல்லை. மருந்துக்கும் உணவுக்கும் விற்றுவிட்டிருந்தார். வெறும் முடிதானே என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். பிரசல்ஸில் மகன் செய்தது தவறு என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

வேறு வழியின்றி எல்லோரும் பார்சலோனாவுக்குத் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஆசிரியர் கார்சியா தென் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் வகித்த ஆசிரியர் பணி காசல்ஸுக்கு வந்தது. 12 வயது கூட நிரம்பாமல் மாணவனாக நுழைந்த பள்ளியில், 20 வயதைத் தொடும் முன் அவர் ஆசிரியர். மோர்ஃபி பிரபுவும் அரசியும் பின்னர் அவரோடு சமாதானமாகி மரியாதை செய்தார்கள்.

பிந்திய வரலாறு உலகம் அறிந்தது. 1899-இல் பாரிசில் லாமுரோ குழுவுடன் வாசித்துப் பெயர் பெற்றார். பழைய கடையில் கண்டெடுத்த பாக் தொகுப்புகள் ஆறையும் 1936 முதல் 1939 வரை இசைத்தட்டில் பதிவு செய்தார். ஸ்பெயின் பிராங்கோவின் கைக்குப் போனதும் நாட்டை விட்டு வெளியேறி, பிரான்சின் எல்லையில் பிராட் என்ற ஊரில் குடியேறினார். பிராங்கோ ஆட்சியை ஏற்றுக்கொண்ட நாடுகளில் வாசிக்கமாட்டேன் என்று பல ஆண்டுகள் செல்லோவை மேடையேற்றாமலே இருந்தார். பிரசல்ஸில் எழுந்து வெளியேறிய அதே பையன்தான் அவருக்குள் கடைசிவரை இருந்திருக்கிறான்.

முதுமையில் அவர் குடியேறிய இடம் தாயார் பிறந்த புவெர்ட்டோ ரிக்கோ. அங்கே 1973 அக்டோபர் 22-இல், 96 வயதில் காலமானார். பிராங்கோ மறைந்த பிறகு, 1979-இல் அவருடைய உடல் எல் வெண்ட்ரெல்லுக்குக் கொண்டுவரப்பட்டு, சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.