அடையாறுக்கு வந்த மாண்டிசோரி அம்மையார்

நத்தைக்குக் கண் எங்கே இருக்கிறது? புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். நத்தையையே பார்த்தால் தெரிந்துவிடும். இப்படிக் குழந்தைகள் தாங்களே பார்த்துக் கற்க வழி செய்தவர் மரியா மாண்டிசோரி.

இத்தாலியில் 1870-ம் ஆண்டு பிறந்த இவர், டாக்டருக்குப் படித்தவர். 1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். அங்கே குழந்தைகள் பொருட்களைத் தொட்டு, எடுத்து, அடுக்கிப் பார்த்துக் கற்றார்கள்.

1939-ல், தமது 69-வது வயதில், மகன் மரியோவுடன் நம் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்கு எதிராக இத்தாலி இறங்கியது. இத்தாலியர் என்பதால் மரியோவை ஆங்கிலேய அரசு முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாறை விட்டு வெளியேறத் தடை விதித்தது. அவரது 70-வது பிறந்தநாளில்தான் மகன் விடுதலையானார்.

போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. கொடைக்கானலில் தங்கியபோது, செடிகொடிகளையும் சிறு உயிர்களையும் கவனிப்பதையே குழந்தைகளுக்குப் பாடமாக்கினார். 1952-ல் நெதர்லாந்தில் காலமானார்.

நீங்களும் அவர் வழியில் படிக்கலாமா? மழை விட்டதும் சுவரில் ஊரும் நத்தையைக் கையால் தொடாமல், இலையால் எடுத்துக் கண்ணாடித் தட்டில் விடுங்கள். தட்டின் அடியிலிருந்து பாருங்கள். அதன் ஒற்றைப் பாதம் அலை அலையாய் அசையும். நீளமான கொம்புகளின் நுனியைப் பாருங்கள். அங்கேதான் கண்கள்! பார்த்ததை நோட்டில் வரையுங்கள். நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.